டாங்கிளுக்கும் ஒரு டிரைவர் வேண்டும்

மயூர் விஹாரில் நமது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மேசை இழுப்பறையைத் திறந்தால், பழைய சாவிகள், கண்ணாடிக் கூடு, கேஸ் புத்தகம் இவற்றுக்கிடையே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பொருள் கிடக்கும். ஒரு முனையில் மூடி. மூடியைக் கழற்றினால் கம்ப்யூட்டரில் செருகும் யுஎஸ்பி முனை. பக்கவாட்டில் சிம் கார்டு வைக்க ஓர் இடம். சிலர் இதை டேட்டா கார்டு என்பார்கள். பெரும்பாலோர் டாங்கிள் என்பார்கள். செல்போன் கம்பெனியின் அலைவரிசை வழியாகக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொண்டுவரும் மோடம் இது.

"சார், பழைய லேப்டாப்பில் இது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பையன் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பில் செருகினால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. கெட்டுப் போய்விட்டதா?" என்று பூங்காவிலும் கோயில் வாசலிலும் அன்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. ரயில்வேயில் இன்ஜினியராக இருந்தவனுக்குக் கம்பி செருகும் பொருள் எல்லாமே தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை! அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதைத் தொகுத்து எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுந்தது இக்கட்டுரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் டாங்கிள் கெட்டிருப்பதில்லை. இரண்டில் ஒன்று நடந்திருக்கும். டாங்கிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசும் 'டிரைவர்' என்ற மென்பொருள் புதிய கம்ப்யூட்டரில் இல்லாமல் இருக்கலாம். அல்லது, டாங்கிள் தேடுகிற நெட்வொர்க்கே நாட்டில் இல்லாமல் போயிருக்கலாம். முதலாவதற்குப் பல சமயம் வைத்தியம் உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது. எது நோய் என்று தெரியாமல் கண்ட இடத்தில் மருந்து தேடுவதுதான் ஆபத்து. ஏன் ஆபத்து என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டில்லிக்கு டாங்கிள் வந்த வரலாறு

நம் நாட்டில் 3ஜி சேவை முதலில் தொடங்கியது நமது டில்லியில்தான். 2008 டிசம்பரில் எம்டிஎன்எல் நிறுவனம் இங்கே அதைத் தொடங்கியது. 2009 பிப்ரவரியில் பிஎஸ்என்எல் சென்னையில் தொடங்கியது. 2010இல் அலைக்கற்றை ஏலம் முடிந்த பிறகே தனியார் நிறுவனங்களின் 3ஜி வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சிடிஎம்ஏ என்ற வேறொரு முறையில் ரிலையன்ஸ் நெட்கனெக்ட், டாடா போட்டான், எம்டிஎஸ் எம்பிளேஸ் என்ற பெயர்களில் டாங்கிள்கள் விற்றன. இவற்றில் பரவலாக விற்றவற்றின் உச்ச வேகம் விநாடிக்கு 3.1 மெகாபிட். 3ஜி டாங்கிள்களின் அட்டைப் பெட்டியில் 3.6 என்றும் 7.2 என்றும் போட்டிருப்பார்கள். பெட்டியின் மேல் நம் ஊர் கம்பெனியின் பெயர் இருந்தாலும், உள்ளே இருந்த சாதனம் பெரும்பாலும் ஹுவாவே, இசட்டிஇ ஆகிய சீன நிறுவனங்கள் செய்தது.

வாடகை வீட்டில் இருந்த நமக்கு இது பெரிய வசதி. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறினால் டெலிபோன் இணைப்பை மாற்ற அலைய வேண்டும். டாங்கிளோ சட்டைப்பையில் கூடவே வரும். கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் ஊருக்கும் வரும். பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், வெளிநாட்டுப் பெண்ணுடன் வீடியோ பேச்சு எல்லாம் இதில்தான் நடந்தன. அதனால்தான் அது நின்று போகும்போது நமக்கு வருத்தமாக இருக்கிறது.

டிரைவர் என்பது யார்?

எங்கள் துறையில் டிரைவர் என்றால் ரயில் இன்ஜினை ஓட்டுபவர். இப்போது லோகோ பைலட் என்கிறார்கள். அவருக்கு இன்ஜின் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தப் பாதையில் ஓட்டப் போகிறாரோ, அந்தப் பாதையை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எந்த சிக்னல் எந்தப் பக்கம் என்று வேறொரு டிரைவருடன் போய்ப் பார்த்து, தெரிந்துகொண்டேன் என்று கையெழுத்திட்ட பிறகே அந்தப் பாதையில் அவருக்கு வேலை. ஜான்சிப் பாதை தெரிந்தவரை அம்பாலாப் பாதையில் ஓட்டச் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் டிரைவரும் அப்படித்தான். அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, சாதனம்: இந்த டாங்கிளுக்கு எந்தக் கட்டளை கொடுத்தால் என்ன செய்யும் என்பது. மற்றொன்று, பாதை: அதாவது கம்ப்யூட்டரின் இயங்குதளம். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவையே இயங்குதளங்கள். விண்டோஸ் 7 என்ற பாதையைப் படித்த டிரைவருக்கு விண்டோஸ் 11 தெரியும் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பை மாற்றியபோது நீங்கள் பாதையை மாற்றிவிட்டீர்கள். இன்ஜின் நன்றாகவே இருக்கிறது; ஓட்ட ஆள் இல்லை.

"அப்படியானால் என் பழைய கீபோர்டும் மவுஸும் புதுக் கம்ப்யூட்டரில் எப்படி ஓடுகின்றன?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. யுஎஸ்பி சாதனம் எதைச் செருகினாலும், அது முதலில் தன் ஜாதகத்தைச் சொல்லும்: என்னைச் செய்த கம்பெனியின் எண் இது, என் மாடல் எண் இது, நான் இன்ன வகை. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் போன்றவற்றுக்குப் பொதுவான வகைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வகைக்கான டிரைவர் எல்லா இயங்குதளத்திலும் முன்பே இருக்கும். பழைய டாங்கிள்களில் பெரும்பாலானவை எந்தப் பொது வகையிலும் சேராமல், 'நான் தனி வகை' என்று சொல்லிக்கொண்டன. ஆகவே, செய்த கம்பெனியே டிரைவரையும் எழுதித் தர வேண்டியதாயிற்று.

சி.டி. வேஷம்

அந்த டிரைவரை எப்படித் தருவது? சி.டி.யில் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் அப்போது வந்த சிறிய லேப்டாப்களில் சி.டி. போடும் வசதியே இல்லை. கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்தன. டாங்கிளுக்குள்ளேயே சிறிது நினைவகம் வைத்து, டிரைவரை அதில் எழுதின. கம்ப்யூட்டரில் செருகியதும் டாங்கிள், 'நான் மோடம்' என்று சொல்லாது. 'நான் ஒரு சி.டி. டிரைவ்' என்று சொல்லும். விண்டோஸ் அதை நம்பி, சி.டி.யைத் திறந்து, உள்ளே இருக்கும் நிறுவும் நிரலை ஓடவைக்கும். அது டிரைவரைப் பதித்துவிட்டு, டாங்கிளுக்கு ஒரு ரகசியக் கட்டளை அனுப்பும். பல மாடல்களில் அது சி.டி.யை வெளியே தள்ளச் சொல்லும் சாதாரணக் கட்டளைதான். கட்டளை கிடைத்ததும் டாங்கிள் ஒரு கணம் மறைந்து, வேறு மாடல் எண்ணோடு திரும்ப வந்து, 'இப்போது நான் மோடம்' என்று சொல்லும். அந்த 'டிங்' ஓசை இரண்டு முறை கேட்பது இதனால்தான்.

பிறகு நடப்பது பழைய டெலிபோன் மோடத்தின் வேலை. கம்ப்யூட்டர் டாங்கிளுக்கு 'ஏடி' என்று தொடங்கும் கட்டளைகளை அனுப்பும். 1981இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் தன் மோடத்துக்கு வகுத்த கட்டளை முறை இது. இணைப்புக்கு *99# என்ற எண்ணை டயல் செய்யும். சிடிஎம்ஏ டாங்கிளாக இருந்தால் #777. நம் கண்ணுக்குத் தெரிந்தது 'கனெக்ட்' என்ற பொத்தான் மட்டுமே.

இந்த வேஷத்தில் ஒரு குறை இருந்தது. உள்ளே இருந்த சி.டி.யில் பெரும்பாலும் விண்டோஸுக்கும், சில சமயம் மேக்குக்கும் மட்டுமே டிரைவர் இருந்தது. லினக்ஸில் செருகினால், டாங்கிள் கடைசி வரை சி.டி.யாகவே உட்கார்ந்திருக்கும்.

லினக்ஸில் நடந்தது

இது நமது தமிழ்நாட்டுப் பிள்ளைகளையும் தொட்ட விஷயம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்பதும் இருந்தது. இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவான இயங்குதளம். கிராமத்து வீட்டில் டெலிபோன் கம்பி ஏது? இன்டர்நெட் வேண்டுமானால் டாங்கிள்தான். டாங்கிளோ, லினக்ஸ் பக்கம் போனால் பேசாது.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் டாங்கிள் விற்ற கம்பெனிக்காரர்கள் அல்ல. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள். ஜெர்மனியைச் சேர்ந்த யோசுவா டீட்ஸே என்பவர் 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சிறு நிரலை எழுதினார். சி.டி. வேஷத்தைக் கலைத்து மோடமாக மாறச் சொல்லும் அந்த ரகசியக் கட்டளையை அனுப்புவதுதான் அதன் வேலை. எந்த மாடலுக்கு எந்தக் கட்டளை என்ற பட்டியல், பயன்படுத்துவோர் அனுப்பிய விவரங்களால் வளர்ந்தது. லினக்ஸின் உள்ளே 'ஆப்ஷன்' என்ற டிரைவர் உண்டு. ஆப்ஷன் என்ற கம்பெனியின் டேட்டா கார்டுகளுக்காக எழுதப்பட்டு அப்பெயர் பெற்றது. அதில் ஹுவாவே, இசட்டிஇ என்று ஒவ்வொரு மாடலின் எண்ணாகச் சேர்த்துச் சேர்த்து நீண்ட பட்டியலாகிவிட்டது. புது மாடல் வந்தால் யாராவது ஒருவர் அதன் எண்ணை எழுதி அனுப்புவார்; சரிபார்த்துச் சேர்ப்பார்கள்.

இதன் பலன் பத்து ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அன்று விண்டோஸில் ஓடிய டாங்கிள் லினக்ஸில் ஓடவில்லை. இன்று நிலைமை தலைகீழ். அதே பழைய டாங்கிளைப் புதிய லினக்ஸில் செருகினால், சி.டி. எதுவும் கேட்காமல் மோடம் என்று அறிந்துகொள்கிறது. புதிய விண்டோஸில்தான் திணறுகிறது. காரணம் எளிது. லினக்ஸ் டிரைவரின் மூலநிரல் ஊரறிய இருப்பதால், இயங்குதளம் மாறும்போதெல்லாம் யாராவது அதையும் திருத்திவிடுகிறார்கள். கம்பெனி எழுதிய விண்டோஸ் டிரைவரைக் கம்பெனிதான் திருத்த முடியும். விற்று முடித்த பொருளுக்கு அவர்கள் ஏன் மெனக்கெடப் போகிறார்கள்?

விண்டோஸிலும் மேக்கிலும் ஏன் நின்றது?

விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை இருந்தன. 32 பிட்டுக்கு எழுதிய டிரைவர் 64 பிட்டில் ஓடாது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட் பதிப்பு முதல், இயங்குதளத்தின் உட்கருவில் ஓடும் டிரைவருக்கு மின்னணுக் கையெழுத்து கட்டாயம். 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்தே வேண்டும் என்று இறுக்கினார்கள். எங்கள் டிரைவரின் பாதைச் சான்றிதழ் போலத்தான் இதுவும். 2021இல் வந்த விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. மேக்கிலும், 2019இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32 பிட் நிரல்கள் நிறுத்தப்பட்டன. பழைய டாங்கிள்களோடு வந்த 'கனெக்ட்' நிரல்கள் பல அத்தோடு போயின.

கையெழுத்துக் கேட்பதை அதிகாரத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். டிரைவர் கம்ப்யூட்டரின் உட்கருவில் ஓடுவது. அதற்குத் தடை ஏதும் கிடையாது. நீங்கள் தட்டும் எழுத்து, பேங்க் பாஸ்வேர்டு அனைத்தையும் அது பார்க்க முடியும். முன்பின் தெரியாதவர் இன்ஜினில் ஏறக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடு இது.

பொது மொழி வந்தது

ரயில்வே படித்த பாடம் ஒன்று இங்கே பொருந்தும். பெரம்பூர் ஐசிஎஃப் பழைய பாணிப் பெட்டிகளில் திருகு இணைப்பும் இருபுறம் பஃபர்களும் இருக்கும். ஜெர்மானிய வடிவமைப்பான எல்ஹெச்பி பெட்டிகளில் நடுவில் ஒரே இணைப்பு. இரண்டையும் நேரடியாகக் கோக்க முடியாது. ஆகவே இரண்டையும் இழுக்கக்கூடிய இடைநிலை இணைப்பை இன்ஜின்களில் வைத்துச் சமாளித்தோம். 2018இல் பழைய பாணிப் பெட்டி கட்டுவதையே ஐசிஎஃப் நிறுத்திவிட்டது. லக்னோவில் உள்ள ஆர்டிஎஸ்ஓ அமைப்பு ஒரு வரைபடம் வெளியிட்டால், எந்தப் பட்டறையில் செய்த பாகமும் எந்தப் பெட்டியிலும் பொருந்தும். ஒரே தரம் இருந்தால் சண்டை இல்லை.

யுஎஸ்பி உலகின் ஆர்டிஎஸ்ஓ போன்ற அமைப்பு 2011 நவம்பரில் டாங்கிள்களுக்கு எம்பிஐஎம் என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. அந்த மொழி பேசும் டாங்கிளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 அதற்கான பொது டிரைவரோடு வந்தது. 2013இல் லினக்ஸும் சேர்த்துக்கொண்டது.

இன்னொரு வழியும் வந்தது. டாங்கிளுக்குள் ஒரு குட்டி ரவுட்டரையே வைத்துவிட்டார்கள். ஹுவாவே இதை ஹைலிங்க் என்று அழைத்தது. இது கம்ப்யூட்டரிடம் தன்னை மோடம் என்று சொல்லாமல் நெட்வொர்க் கார்டு என்று சொல்லும். டயல் செய்வது, சிம்மோடு பேசுவது எல்லாம் டாங்கிளே பார்த்துக்கொள்ளும். அமைப்புகளை மாற்ற, பிரௌசரில் 192.168.8.1 என்று தட்டினால் அதன் பக்கம் திறக்கும். உங்கள் ஸ்மார்ட்போனைக் கேபிளில் இணைத்து இன்டர்நெட் பகிர்வதும் ஏறக்குறைய இதே முறைதான். ஆகவே இந்த வகை டாங்கிளைத்தான் நான் வாங்கச் சொல்வேன்.

நெட்வொர்க்கே போய்விட்டால்?

இப்போது வைத்தியமில்லாத நோய்க்கு வருவோம். சிடிஎம்ஏ டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். எம்டிஎஸ் 2017இல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணைந்தது. அந்த நிறுவனத்தின் செல்போன் சேவையும் அதே ஆண்டு முடிவுக்கு வந்தது. டாடாவின் செல்போன் வியாபாரம் 2019 ஜூலையில் ஏர்டெல்லுக்குப் போனது. நம் நாட்டில் அந்த டாங்கிள்களுக்குப் பதில் சொல்லும் கோபுரம் இன்று இல்லை. எந்த டிரைவரும் உதவாது.

3ஜி டாங்கிளின் நிலை சற்று வேடிக்கையானது. ஏர்டெல் 2019இல் கொல்கத்தாவில் தொடங்கி 3ஜியை நிறுத்தியது. ஆனால் 2ஜியை வைத்துக்கொண்டது. ஆகவே ஏர்டெல் சிம் போட்ட 3ஜி டாங்கிள் விளக்கு எரிந்து, 'கனெக்டட்' என்றும் காட்டும். ஒரு பக்கம் திறக்கவே பல நிமிடம் ஆகும். ஹுவாவே மாடல்கள் பலவற்றில் பச்சை விளக்கு 2ஜியையும், நீல விளக்கு 3ஜியையும் குறிக்கும். பச்சை மட்டுமே எரிந்தால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். ஜியோவிடம் 2ஜியும் 3ஜியும் எப்போதுமே இருந்ததில்லை. ஆகவே 3ஜி டாங்கிளில் ஜியோ சிம் போட்டால் எதுவுமே வராது.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் 4ஜி டாங்கிள்களிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் 4ஜி முக்கியமாக 3, 5, 40 என்ற எண்ணுள்ள அலைவரிசைப் பட்டைகளில் ஓடுகிறது. அந்த நாட்டுப் பட்டைகள் பெரும்பாலும் வேறு. சில டாங்கிள்கள் அங்குள்ள கம்பெனி சிம்முக்கு மட்டுமே என்று பூட்டப்பட்டும் இருக்கும். வாங்கும் முன் பெட்டியில் பட்டை எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நோயைக் கண்டறியும் முறை

முதலில் சிம்மை எடுத்து ஒரு போனில் போட்டு, டேட்டா வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ரீசார்ஜ் விஷயம். டாங்கிள் குற்றவாளி அல்ல.

இரண்டாவது, டாங்கிளை ஹப் வழியாக அல்லாமல் லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகுங்கள். பழைய யுஎஸ்பி துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் தர வேண்டும் என்பது விதி. சிக்னல் குறைந்த இடத்தில் டாங்கிள் அதிக மின்சாரம் இழுக்கும். நான்கு பொருள் தொங்கும் ஹப்பில் அது கிடைக்காமல் அணைந்து அணைந்து எரியும். பார்க்க டிரைவர் கோளாறு போலவே இருக்கும்.

மூன்றாவது, விண்டோஸ் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். டாங்கிளைச் செருகும்போது புதிதாக என்ன பெயர் தோன்றுகிறது என்று கவனியுங்கள். எதுவுமே தோன்றாவிட்டால் டாங்கிளோ துளையோ பழுது. சி.டி. டிரைவ் என்று மட்டும் தோன்றினால் வேஷம் கலையவில்லை, டிரைவர் நிறுவப்படவில்லை. மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெயர் தோன்றினால் மோடமாக மாறிவிட்டது. ஆனால் பேச டிரைவர் இல்லை. மோடம் என்றோ நெட்வொர்க் அடாப்டர் என்றோ சுத்தமாகத் தோன்றினால் டிரைவர் சரி. மீதி நெட்வொர்க் விஷயம்.

டிரைவர்தான் குறை என்று தெரிந்தால், விண்டோஸ் அப்டேட் ஓடவிட்டுப் பாருங்கள். சில மாடல்களுக்கு அதிலேயே கிடைக்கும். பிறகு சாதனத்தைச் செய்த கம்பெனியின் சொந்த இணையதளம். இரண்டிலும் இல்லை என்றால், இல்லை என்று ஏற்றுக்கொள்வதே நல்லது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு டாங்கிள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். லேப்டாப்பில் எதையும் மாற்றாமலே இதைச் செய்ய முடியும்.

செய்யக்கூடாதவை

இந்தக் கட்டுரை எழுத முக்கியக் காரணம் இந்தப் பகுதிதான். எங்கள் குடியிருப்பில் ஓர் அன்பர், தம் டாங்கிளின் பெயரைத் தட்டி 'டிரைவர் டவுன்லோட்' என்று தேடினார். ஏதோ ஒரு பக்கம் திறந்து, உங்கள் கம்ப்யூட்டரில் பல கோளாறுகள், இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்றது. அவரும் செய்தார். மறுமுனையில் மரியாதையாகப் பேசிய ஒருவர், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைக் கையாளும் ஒரு நிரலை நிறுவச் சொன்னார். பிறகு, கட்டணம் பத்து ரூபாய்தான், பேங்க் கணக்கைத் திறந்து அனுப்புங்கள் என்றார். நல்லவேளையாக அப்போது பள்ளியிலிருந்து வந்த பேத்தி, "தாத்தா, யார் உங்க கம்ப்யூட்டர்ல மவுஸை நகர்த்தறது?" என்று கேட்டு, வைஃபையை அணைத்துவிட்டாள். போக இருந்தது அவரது பென்ஷன் கணக்கு.

டிரைவர் தேடுபவர் அவசரத்தில் இருப்பவர். 'இன்ஸ்டால்' என்று எங்கே எழுதியிருந்தாலும் அமுக்குவார். ஏமாற்றுக்காரர்களுக்கு இது தெரியும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று வரும் எதையும் நிறுவாதீர்கள். கையெழுத்துச் சோதனையை அணைத்துவிட்டு டிரைவரைப் போடும் வழியை யாராவது சொல்லிக் கொடுத்தாலும், பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. டாங்கிள் ஓடுகிறதே என்பதற்காகவே விண்டோஸ் 7 லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதில் பேங்க் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. சில நூறு ரூபாய் டாங்கிளைக் காப்பாற்ற ஆயுட்காலச் சேமிப்பைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. அந்த லேப்டாப்பைத் தூக்கி எறியவும் வேண்டாம். லினக்ஸ் போட்டால் கம்ப்யூட்டரும் பாதுகாப்பாகும். பல சமயம் டாங்கிளும் ஓடும்.

இனி வாங்குவதானால்

வீட்டில் ஃபைபர் இணைப்பும் கையில் ஸ்மார்ட்போனும் இருப்பவர்களுக்கு டாங்கிள் தேவையே இல்லை. போனின் ஹாட்ஸ்பாட் போதும். ஊர் வீட்டுக்கோ, பல பேர் சேர்ந்து பயன்படுத்தவோ வேண்டுமென்றால், நேரு பிளேஸ் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தெந்த 4ஜி பட்டைகளில் ஓடும்? எந்தக் கம்பெனி சிம்மும் ஏற்குமா? டிரைவர் நிறுவாமல் ஓடுமா? மூன்றாவது கேள்விக்கு, "உள்ளேயே சாஃப்ட்வேர் இருக்கு சார், செருகினால் தானே இன்ஸ்டால் ஆகும்" என்று அவர் பெருமையாகச் சொன்னால், அது பழைய சி.டி. வேஷம்தான் என்று புரிந்துகொண்டு வேறு மாடல் கேளுங்கள். ரவுட்டர் வகை வாங்கினால், பாஸ்வேர்டு 'அட்மின்' என்றே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை மாற்றிவிடுங்கள்.

பழைய டாங்கிளைக் கபாடிக்காரரிடம் போடும் முன் சிம்மை வெளியே எடுத்துவிடுங்கள். அந்த எண்ணைப் பேங்கிலோ கேஸ் இணைப்பிலோ எப்போதாவது கொடுத்திருந்தால், முதலில் அங்கே மாற்றுங்கள். நெடுநாள் பயன்படுத்தாத எண்ணைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடும். நமக்கு வர வேண்டிய ஓடிபி அவருக்குப் போகும்.